சாட்டை போனது, நிலம் எங்கே? சீனிவாசராவை எடைபோடுவோம்

செப்டம்பர் 30 பி. சீனிவாசராவின் நினைவு நாள். கீழத்தஞ்சைக்காரர்களுக்கு அவர் பி.எஸ்.ஆர். திருத்துறைப்பூண்டியில் அவருடைய நினைவிடம் இருக்கிறது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியும் மார்க்சிஸ்ட் கட்சியும் அவரைத் தம் தலைவர் என்றே சொல்கின்றன. கட்சி பிளந்தது 1964இல். அவர் இறந்தது 1961இல். எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று கேட்கவே வழியில்லாமல் போனதால் இரு தரப்புக்கும் அவர் சொந்தமாகிவிட்டார்.

ஆனால் கல்லூரிக்குப் போகும் தலித் இளைஞர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் இப்போது வேறு கேள்விகள் வருகின்றன. கர்நாடகத்திலிருந்து வந்த ஒரு பிராமணர் எப்படி நம் தலைவர் ஆனார்? நாற்பதுகளிலிருந்து செங்கொடி பிடித்த நம் தெருவுக்கு நிலம் ஏன் வரவில்லை? சாதியைப் பற்றி அந்த இயக்கம் என்ன பேசியது? தாத்தா பாட்டிகளுக்கு இந்தக் கேள்விகள் பிடிப்பதில்லை. அவர் இல்லையென்றால் நீ இப்படி நின்று கேள்வி கேட்டிருப்பாயா என்பார்கள். இரண்டு தலைமுறைகளும் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதனால்தான் அவரை எடைபோடுவது எளிதாக இல்லை.

பாட்டி சொல்வதிலிருந்தே தொடங்கலாம். 1943க்கு முன்னால் கீழத்தஞ்சையில் பண்ணையாள் என்றால் என்ன என்று இன்றைய பாடப் புத்தகத்தைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. விடியுமுன் வயலில் இறங்க வேண்டும், இருட்டிய பிறகுதான் கரையேற வேண்டும். கூலி நெல்லாகத்தான் அளக்கப்படும். குடிசை நின்ற மனை மிராசுதாருடையது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் பண்ணையில் வாங்கிய கடன் அப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும். கடனோடு வேலையும் இறங்கும். ஆண் வயலில் உழைத்தால் பெண் நடவுக்கும் களையெடுப்புக்கும் பண்ணை மாட்டுக்கொட்டிலுக்கும் போயாக வேண்டும், பையன் மாடு மேய்க்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது. ஒருவர் உழைப்பை வாங்கினால் குடும்பமே சேர்ந்து வரும் ஏற்பாடு அது. இது பிடிக்காதவர்களுக்கு இருந்த வழி நாகப்பட்டினம் துறைமுகம். மலேயாவுக்குக் கப்பல் ஏறியவர்கள் தோட்டத்து வேலை சொகுசானது என்று நினைத்துப் போகவில்லை.

தாமதமாக வந்தாலோ, எதிர்த்து ஒரு வார்த்தை பேசினாலோ சாட்டையடி. அதற்குமேல் சாணிப்பால். மாட்டுச் சாணத்தைத் தண்ணீரில் கரைத்து மனிதன் வாயில் ஊற்றிக் குடிக்கவைப்பதற்குப் பெயர் அது. கோபத்தில் எப்போதோ ஒருமுறை நடந்த காரியம் என்று நினைத்துவிடக் கூடாது. எந்தக் குற்றத்துக்கு எது என்று பண்ணைக்குப் பண்ணை பழகிப்போயிருந்த தண்டனை முறை. அடித்தவர் மேல் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம் என்ற எண்ணமே யாருக்கும் வந்ததில்லை.

இந்த மண்ணுக்கு 1943இல் சீனிவாசராவ் வந்தபோது அவருக்கு வயது 36. தாய்மொழி கன்னடம். சுதந்திரப் போராட்டத்தில் படிப்பை விட்டவர், சென்னையில் போலீஸ் தடியடி பட்டவர், சிறையில் கம்யூனிஸ்ட் ஆனவர். மன்னார்குடி வட்டாரத்தில் தென்பரை என்ற ஊரில் வேலையைத் தொடங்கினார். ஊரின் நிலம் ஒரு மடத்துக்குச் சொந்தம். அங்கே முதலில் சங்கமானவர்கள் மடத்து நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இந்த விஷயத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

அவர் செய்த வேலையைக் கூட்டம், துண்டறிக்கை என்று சுருக்கிவிட முடியாது. சேரியில் தங்கினார். அங்கே கிடைத்ததைச் சாப்பிட்டார். அந்தக் காலத்தில் பூணூல் போட்ட குடும்பத்தில் பிறந்த ஒருவர் சேரித் திண்ணையில் படுத்து எழுந்தார் என்பதே ஊர் ஊராகப் பரவும் செய்தி. நீங்களும் பத்து மாதம் தாய் வயிற்றில் இருந்து பிறந்தவர்கள்தான், மிராசுதாருக்கும் இரண்டு கைதான், அடிக்கிற கையைத் திருப்பி அடியுங்கள் என்ற பொருளில் அவர் பேசியதை மக்கள் இன்றும் சொல்கிறார்கள். உரிமை, சுரண்டல், வர்க்கம் என்ற பெரிய சொற்கள் எல்லாம் பிறகு வந்தவை. அடி வாங்காதே என்பதுதான் முதலில் வந்தது. எந்தச் சொல் முதலில் வேண்டும் என்பதைச் சரியாகக் கண்டுபிடித்தவர் என்று அவரைச் சொல்லலாம்.

1944இல் மன்னார்குடியில் அரசு அதிகாரிகள் முன்னிலையில் மிராசுதார்களுக்கும் விவசாயிகள் சங்கத்துக்கும் இடையே ஒப்பந்தம் ஏற்பட்டது. சாட்டையடியும் சாணிப்பாலும் நிறுத்தப்பட வேண்டும் என்பது அதில் ஒரு விதி. மாணவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மனிதனுக்குச் சாணம் புகட்டக் கூடாது என்பதைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. சுதந்திரத்துக்கு மூன்றே ஆண்டுகளுக்கு முன்னால், தமிழகத்தின் நெற்களஞ்சியம் என்று பெயரெடுத்த ஊர்களில் அப்படி ஒரு விதி தேவைப்பட்டிருக்கிறது. நெற்களஞ்சியம் என்ற சொல்லைப் பயன்படுத்தும்போது இதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஒப்பந்தம் எழுதியதால் மட்டும் சாட்டை கீழே விழுந்துவிடவில்லை. ஊர்தோறும் அதை விழவைத்தவர்கள் தலித் கூலிகளும் அவர்கள் வீட்டுப் பெண்களும்தான். வேலைநிறுத்தம் என்றால் அன்றைக்குப் பட்டினி என்று பொருள். மேடைப் பேச்சுகளில் சீனிவாசராவின் பெயர் வருமளவுக்கு இவர்களுடைய பெயர்கள் வருவதில்லை. களப்பால் குப்பு 1948இல் சிறையிலேயே இறந்துபோனார். பி.எஸ். தனுஷ்கோடி கிராமம் கிராமமாகச் சங்கம் கட்டினார். இருவரும் தலித் குடும்பங்களில் பிறந்த தலைவர்கள். வெளியிலிருந்து வந்தவர் விளக்கேற்றினார், உள்ளூர் மக்கள் விழித்துக்கொண்டார்கள் என்பது கேட்க இனிமையான கதை. உள்ளே எண்ணெயும் திரியும் தயாராக இருந்ததை அந்தக் கதை விட்டுவிடுகிறது. மாவட்ட அளவிலும் மாநில அளவிலும் முடிவெடுத்தவர்களில் பெரும்பாலோர் தலித் அல்லாதவர்கள். அடிவாங்கியவர்களிலும் சிறை சென்றவர்களிலும் பெரும்பாலோர் தலித்துகள். இந்தக் கணக்கைச் சீனிவாசராவ் ஒருவர் மேல் எழுத முடியாது. ஆனால் அவர் தலைமை தாங்கிய இயக்கத்தின் மேல் எழுதித்தான் ஆக வேண்டும்.

1948 முதல் 1951 வரையிலான காலம் அடுத்த கேள்வியை எழுப்புகிறது. புதிதாக வந்த சுதந்திரம் போலியானது, ஆயுதம் எடுத்தாவது புரட்சி நடத்த வேண்டும் என்று கட்சியின் அகில இந்தியத் தலைமை அப்போது முடிவெடுத்தது. கட்சி தடை செய்யப்பட்டது, தலைவர்கள் தலைமறைவானார்கள். தஞ்சை கிராமங்களில் மலபார் சிறப்புப் போலீஸ் இறங்கியது. வாட்டாக்குடி இரணியனும் ஜாம்பவானோடை சிவராமனும் 1950இல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தலைமறைவாகப் போனவர்களைத் தேடி வந்த போலீஸ், போக இடமில்லாதவர்களின் குடிசைகளில் புகுந்தது. சில ஆண்டுகளில் அந்தக் கொள்கை தவறு என்று கட்சியே அதைக் கைவிட்டது. அதற்கு விலை கொடுத்த தெருக்களுக்கு யாரும் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. தலைமறைவு வாழ்க்கையில் சீனிவாசராவைக் காட்டிக்கொடுக்காமல் காத்தவர்களும் இதே தெருக்காரர்கள்தான்.

இனி தென்பரைக்குத் திரும்பலாம். சங்கத்தில் இரண்டு வகை மனிதர்கள் இருந்தார்கள். ஒருவர் குத்தகைதாரர்: நிலம் அவருடையது இல்லை, ஆனால் உழுது பயிர்வைத்து விளைச்சலில் பங்கு பெறுபவர். பெரும்பாலும் இடைச்சாதியினர், தலித்துகளும் சிலர் உண்டு. மற்றவர் பண்ணையாள்: கூலிக்கு உழைப்பவர், அநேகமாக எல்லோரும் தலித். இருவருக்கும் எதிரி மிராசுதார் என்பதால் ஒரே கொடியின் கீழ் நின்றார்கள். ஆனால் நடவுக்கும் அறுவடைக்கும் அந்தக் குத்தகைதாரரும் கூலிக்கு ஆள் வைப்பவர்தான். அவர் வீட்டு வாசலில் கூலி நெல் வாங்க நிற்பவர் பண்ணையாளின் மனைவிதான்.

1952 தேர்தலில் தஞ்சையில் கம்யூனிஸ்டுகள் சில தொகுதிகளில் வென்றார்கள். அதே ஆண்டு ராஜாஜி அரசு தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புக்கு அவசரச் சட்டம் கொண்டுவந்து, பிறகு அதை முழுச் சட்டமாக்கியது. சங்கம் போராடியிருக்காவிட்டால் ராஜாஜி அதைக் கொண்டுவந்திருக்க மாட்டார். குத்தகைதாரருக்கு விளைச்சலில் 40 விழுக்காடு என்றது சட்டம். 1956இல் வந்த நியாயக் குத்தகைச் சட்டம் நஞ்சை நிலத்தில் நில உடைமையாளருக்கே 40 என்று ஆக்கியது, அதாவது உழுதவருக்கு 60. நான்கே ஆண்டுகளில் பங்கு தலைகீழாக மாறியது. தாளில் எழுதியது எல்லா வயலிலும் நடக்கவில்லை என்றாலும் ஒரு வகுப்பு மேலே ஏறத் தொடங்கியது.

பண்ணையாளுக்கு என்ன கிடைத்தது? கூலி நிர்ணயம் கிடைத்தது, காரணமில்லாமல் நீக்கக் கூடாது என்ற பாதுகாப்பும் கிடைத்தது. ஆனால் ஒரே கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல், அதாவது 6.67 ஏக்கருக்கு மேல் வைத்திருந்தவர்களுக்கே சட்டம் பொருந்தியது. மிராசுதார்கள் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டார்கள். நிலம் மகன் பேரில், மருமகள் பேரில் பிரிந்தது. அதைவிட எளிய வழி ஒன்றும் இருந்தது. நிரந்தரப் பண்ணையாளை வைத்தால்தானே சட்டம்? நாள் கூலிக்கு ஆள் வைத்துக்கொண்டால் போதுமே. பண்ணையாட்கள் பண்ணையிலிருந்து விடுபட்டார்கள். அதே வேகத்தில் நிரந்தர வேலையிலிருந்தும் விடுபட்டார்கள். வருஷம் முழுவதும் அடிமையாக இருந்தவர் வருஷத்தில் சில மாதம் வேலையுள்ள சுதந்திர மனிதர் ஆனார். இதை நஷ்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பழைய பண்ணைக்குத் திரும்பிப் போகிறேன் என்று யாரும் சொல்லவும் இல்லை. ஆனால் சட்டத்தின் பலன் யார் மடியில் எவ்வளவு விழுந்தது என்று பார்த்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.

குத்தகைதாரரையும் கூலியையும் ஒரே சங்கத்தில் வைத்தது தவறா? 1943இல் தவறில்லை என்பது என் எண்ணம். கூலிகள் மட்டும் தனியே நின்றிருந்தால் மன்னார்குடி ஒப்பந்தம் நடந்திருக்காது, நசுக்கி எறிந்திருப்பார்கள். ஆனால் 1952க்குப் பிறகு இருவர் பாதையும் பிரிந்துவிட்டது. குத்தகைதாரரின் கை ஓங்கியபின் கூலியின் கோரிக்கை அவருக்கு எதிராகவே திரும்பும் என்று தெரிந்தும், அந்த முரண்பாட்டை இயக்கம் வெளிப்படையாகப் பேசத் தயங்கியது. பேசியிருந்தால் சாதியையும் பேச வேண்டி வந்திருக்கும்.

இங்கேதான் அம்பேத்கர் நினைவுக்கு வருகிறார். சாதி ஒழிப்பைப் பற்றி 1936இல் எழுதிய உரையில் அவர் சோசலிஸ்டுகளைப் பார்த்துக் கேட்ட கேள்வி இதுதான்: பொருளாதாரத்தை முதலில் மாற்றிவிட்டுச் சாதியைப் பிறகு பார்க்கலாம் என்கிறீர்களே, சாதி பிரித்துவைத்திருக்கும் உழைப்பாளிகள் ஒன்றாக எப்படி எழுவார்கள்? கீழத்தஞ்சையில் அதற்குப் பாதி விடை கிடைத்தது. எழுந்தார்கள், எழ முடியும் என்று காட்டினார்கள். எழுந்து நின்றபின் தேநீர்க் கடையில் குவளை வேறாகவே இருந்தது. சுடுகாடும் வேறு, கோயில் தெருவும் வேறு. செங்கொடிச் சங்கத்தார் பல ஊர்களில் இவற்றை எதிர்த்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கூலிப் போராட்டத்துக்கு இருந்த ஒழுங்கும் திட்டமும் இதற்கு இருக்கவில்லை. சாதியைத் தனியே எடுத்தால் உழைப்பாளர் ஒற்றுமை உடையும் என்ற அச்சம் இருந்தது. உடையக்கூடிய அந்த ஒற்றுமையைக் காக்கும் சுமை தலித்துகளின் தோளில்தான் ஏறியது.

கொள்ளிடத்துக்கு வடக்கே சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இலேயே நந்தனார் கல்விக் கழகம் தொடங்கிப் பிள்ளைகளைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தார். மிராசுதாரோடு மோதவில்லை என்று அவரைக் குறைசொல்பவர்கள் உண்டு. சீனிவாசராவின் இயக்கம் மோதியது. ஆனால் பள்ளிக்கூடத்தைத் தன் முதன்மையான வேலைகளில் ஒன்றாக வைத்துக்கொள்ளவில்லை. ஒரு கரையில் படிப்பு, மறுகரையில் போராட்டம். இரண்டும் ஒரே ஊரில் சேர்ந்து நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று சில நேரம் யோசிப்பேன்.

சீனிவாசராவின் கடைசிப் போராட்டம் நிலத்துக்கானது. இதை அவரைக் குறைசொல்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். காமராசர் அரசு நில உச்சவரம்பு மசோதாவைக் கொண்டுவந்தபோது, ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்ட் ஏக்கர் என்றது. விதிவிலக்குகளும் ஏராளம். மத அறக்கட்டளை நிலங்களுக்கு விலக்கு என்றால் கோயில் நிலமும் மடத்து நிலமும் பரந்து கிடக்கும் தஞ்சையில் என்ன மிஞ்சும்? மசோதா சட்டமன்றத்தில் இருக்கும்போதே பினாமிப் பத்திரங்கள் எழுதப்பட்டன. இதை எதிர்த்து 1961இல் விவசாயிகள் சங்கம் மறியல் நடத்தியது, ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள். அந்தப் போராட்டத்தின் அலைச்சலுக்கு நடுவே செப்டம்பர் 30 அன்று அவர் இறந்தார். வயது 54. சட்டம் விதிவிலக்குகளோடுதான் நிறைவேறியது. 1970இல் உச்சவரம்பு 15 ஸ்டாண்டர்ட் ஏக்கராகக் குறைக்கப்பட்டபோது பிரிக்க வேண்டியதையெல்லாம் பெரும்பாலோர் பிரித்து முடித்திருந்தார்கள். மடத்து நிலத்தில் தொடங்கியவரின் கடைசிக் கோரிக்கையும் மடத்து நிலத்தில்தான் முட்டி நின்றது.

அவர் இறந்து ஏழாண்டுகளில் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். எல்லோரும் தலித்துகள். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டார்கள். செங்கொடியை இறக்கிவிட்டு நெல் உற்பத்தியாளர் சங்கத்தில் சேரச் சொன்னபோது மறுத்தார்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்த நில உடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. பணக்காரர்களான அவர்கள் தாமே நேரில் வந்து இப்படிச் செய்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம் என்று தீர்ப்பு கருதியது. அது கூலித் தகராறா, சாதிப் படுகொலையா என்று இன்றுவரை விவாதம் நடக்கிறது. கூலி கேட்டது காரணம் என்றால் கூலி கேட்ட குத்தகைதாரரையோ வேறு சாதிக் கூலியையோ குடும்பத்தோடு எரிக்கும் துணிச்சல் வந்திருக்குமா? சாதி மட்டும்தான் காரணம் என்றால் கொடியை இறக்கச் சொன்னது ஏன்? அந்தக் குடிசைக்குள் சாதியும் கூலியும் ஒன்றாகவே இருந்தன. அந்தக் கொடியைக் கடைசிவரை இறக்காத பிடிவாதம் சீனிவாசராவ் காலத்தில் விதைத்தது. எரிந்தது ஏன் ஒரே ஒரு தெரு என்ற கேள்விக்கு அவர் காலத்து அரசியலிடம் முழு விடை இல்லை.

வெண்மணிக்குப் பிறகு 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971இல் குடியிருப்பு மனைச் சட்டம் வந்தது. குடிசை நின்ற இடம் அதில் இருந்தவருக்கே சொந்தம் என்றது. மிராசுதார் மனையில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர்களை வேலையோடு வீட்டையும் விட்டுத் துரத்தலாம் என்ற பயம் அப்போதுதான் நீங்கத் தொடங்கியது. ஆனால் அது மனைதான், வயல் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கில் திருவாரூர் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் 34 விழுக்காடு. மாநிலத்திலேயே மிக அதிகம். மாநில அளவு 20 விழுக்காடு. இவ்வளவு பெரிய பங்கினர் வாழும் மாவட்டத்தில் அவர்களில் எத்தனை பேர் பெயரில் நஞ்சை இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள விரும்பும் மாணவர், தன் ஊர் சிட்டா அடங்கலிலிருந்தே தொடங்கலாம். பெரிய ஆய்வு எதுவும் வேண்டாம். தெருவில் உள்ள குடும்பங்கள் எத்தனை, நஞ்சைப் பட்டா எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதினால் போதும்.

பிராமணர் எப்படி நம் தலைவர் ஆனார் என்ற கேள்விக்கும் ஒரு வார்த்தை. பிறப்பைச் சொல்லி அவரைத் தள்ளிவிடுவது எளிது. சாணிப்பால் குடித்த தலைமுறை அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் அவரை ஏற்றுக்கொண்டது. தன்னோடு படுத்து எழுந்தவரை அதற்கு அடையாளம் தெரிந்தது. அதனால் பிறப்பு என் முதல் குறையில்லை. எந்தக் கோரிக்கை முன்னால் வைக்கப்பட்டது, ஒப்பந்தத்தில் யார் கையெழுத்து இருந்தது, சங்கக் கூட்டத்தில் தலைமைக்கு அடுத்த இருக்கை யாருக்குப் போனது என்பதெல்லாம் பிறப்பைவிடப் பெரிய கேள்விகள். இவற்றைக் கேட்டால் பி.எஸ்.ஆருக்கு அவமரியாதை என்று சிலர் கோபப்படலாம். கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்தவரிடம் கேள்வி கேட்பதில் அவமரியாதை எதுவும் இல்லை.

சாட்டையை நேரில் பார்த்தவர்களில் உயிரோடு இருப்பவர்கள் இன்று தொண்ணூறைத் தொட்டவர்கள். பல தெருக்களில் ஒருவர் இருவர்தான் மிச்சம். கையில் கைபேசி இருக்கும் பிள்ளைகள் அவர்களிடம் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்துகொள்ளலாம். தலைவர் பெயரைக் கேட்க வேண்டாம், அதை அவர்களே சொல்லிவிடுவார்கள். கூலி அளந்த மரக்கால் எவ்வளவு பெரியது, உங்கள் தெருவில் முதலில் கொடி நட்டது யார், போலீஸ் வந்த அன்று பெண்கள் எங்கே ஒளிந்தார்கள், ஒப்பந்தம் ஆனபின் முதன்முதலாக அடிக்க வந்த கையைப் பிடித்தவர் யார் என்று கேளுங்கள்.